பேக்கரி அடுப்பில் வெந்த அலுமினியம்

என் நாத்தனார் குண்டை எறிந்தாள். குண்டு முன்னால் போனது. அவள் இடது கையால் பற்றியிருந்த கம்பம் பின்னால், அவள் பக்கமாகச் சாய்ந்தது.

பாப்பிரெட்டிப்பட்டியில் பள்ளிக்கூட மைதானம், ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். குண்டு விழுந்த இடத்தைப் பார்க்காமல் அவள் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லை, விரிசலில்லை. ஈர மண்ணில் நட்ட முளைக்குச்சியை மாடு இழுத்துவிட்டது போல அது மெல்லச் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கல்லூரி முடித்த வருடம் வண்டியில் போகும்போது ஒரு லாரி இடித்தது. அதன் பிறகு சக்கர நாற்காலிதான். இப்போது இ-சேவை மையத்தில் கணினி முன்னால் வேலை. காலையிலும் மாலையிலும் குண்டு எறிதல். உட்கார்ந்து எறிகிறவர்களுக்கென்று தனி நாற்காலி உண்டு. தரையில் வார்ப்பட்டைகளால் இழுத்துக் கட்டிய ஒரு சட்டம், அதன்மேல் பலகை, முன்னால் ஒரு ஓரத்தில் செங்குத்தாக ஒரு கம்பம். ஒரு கையால் அந்தக் கம்பத்தைப் பிடித்து உடம்பை இழுத்து, மறு கையால் எறிய வேண்டும். கால்கள் தரும் பலத்தை அந்தக் கம்பம் தருகிறது. அது ஒரே துண்டாக இருக்க வேண்டும், எறியும்போது இடம் மாறக் கூடாது என்பது விதி. போட்டியில் நடுவர் வந்து ஆட்டிப் பார்ப்பார்.

முதலில் இருந்தது இரும்பு நாற்காலி. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மைதானத்துக்குப் போவதென்றால் அவள் யாரிடமாவது கேட்டாக வேண்டும். அதனால்தான் அலுமினியத்தில் செய்யச் சொன்னோம். அது வந்த நாளில் அதைத் தானே தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சக்கரங்களைத் தானே உருட்டிக்கொண்டு தெருவில் இரண்டு முறை போய் வந்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மாநிலப் போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது.

திங்கட்கிழமை நாற்காலியை என் கணவர் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டார். தக்காளி ஏற்றுகிற வண்டி; பாலக்கோட்டில் சுமை இறக்கிவிட்டு வந்ததால் பின்னால் இன்னும் தக்காளி வாசம். தர்மபுரியில் அதைச் செய்து கொடுத்த வெல்டரிடம் போனோம். அலுமினியத்தை ஆர்கான் வாயு வைத்துப் பற்ற வைப்பதில் எங்கள் பக்கத்தில் பெயர் வாங்கியவர் அவர். நான் போகும்போதே பற்ற வைத்தது சரியில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். கொஞ்சம் காரமாகவே பேசினேன். அவர் நாற்காலியைக் கவிழ்த்து, கம்பத்தின் அடியில் துணியால் துடைத்து, விரலை வைத்துக் காட்டினார்.

“நான் பத்த வச்சது எங்கீங்க ஒடஞ்சிருக்குது? நல்லா பாருங்க. வளைஞ்சது அதுக்குப் பக்கத்துல.”

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். பற்றவைத்த தழும்பு அலையலையாக, முழுதாக இருந்தது. அதிலிருந்து ஒரு விரற்கடை மேலே, யாரும் தொடாத குழாயில்தான் மடிப்பு. குழாயில்தான் கோளாறு, சேலத்தில் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார் அவர். மீதிக் குழாயை எடுத்து வந்து முழங்காலில் வைத்து அழுத்திக் காட்டினார். அது வளையவே இல்லை. அதே குழாய், அதே முழு நீளத்திலிருந்து அறுத்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மீதிக் குழாயில் ஒரு துண்டும் வளைந்த கம்பத்தின் அடிப்பகுதியும் அறுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் ஆய்வக உதவியாளர். உலோகங்களைச் சோதிக்கும் அறை என் பொறுப்பு. ஒரு சின்ன எஃகு உருண்டையை உலோகத்தின்மேல் வைத்து அழுத்தி, விழுந்த குழியின் அகலத்தை உருப்பெருக்கியில் அளந்து, அட்டவணையைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்லும் எந்திரம் அங்கே இருக்கிறது. குழி பெரிதென்றால் உலோகம் மெத்து, எண் சிறிது. பதினோரு வருடமாக மாணவர்களுக்கு அதைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அதே துண்டுகள், அதே எண்கள். விடை தெரிந்த கேள்வியைத் தவிர வேறெதையும் அந்த எந்திரத்திடம் நான் கேட்டதே இல்லை.

செவ்வாய் மதியம் அறை காலியாக இருந்தது. சதுரக் குழாய் என்பதால் தட்டையான பக்கம் கிடைத்தது. முதலில் புதுத் துண்டு: தொண்ணூற்றைந்து. பிறகு வளைந்த கம்பத்தில், தழும்பிலிருந்து தள்ளி ஆரம்பித்து, பேனாவால் புள்ளி வைத்துப் புள்ளி வைத்து நெருங்கினேன். தொண்ணூற்றைந்து. தொண்ணூற்று நான்கு. எண்பத்தொன்று. அடுத்த புள்ளியில் குழியைப் பார்த்ததுமே கண்ணுக்குத் தெரிந்தது, அட்டவணை தேவைப்படவில்லை. ஐம்பத்தாறு. சரியாக அந்த மடிப்பு இருந்த இடம்.

நான் நாற்காலியை விட்டு எழுந்து அறையில் ஒரு சுற்று நடந்தேன். குழாய் ஏமாற்று இல்லை, பற்ற வைத்ததும் தப்பில்லை. சூடுதான்.

பாடப் புத்தகத்தில் நான் எத்தனையோ முறை வாசித்துக் காட்டியதுதான். இந்த ரக அலுமினியத்தில் கொஞ்சம் மக்னீசியமும் கொஞ்சம் சிலிக்கனும் கலந்திருக்கும். உருகாத அளவுக்கு நன்றாகச் சூடாக்கினால் அவை இரண்டும் அலுமினியத்துக்குள் கரைந்துவிடும். உடனே தண்ணீரில் போட்டால் வெளியே வர நேரமில்லாமல் கரைந்தபடியே உள்ளே மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடித் துகள்களாக எல்லா இடத்திலும் திரளும். அந்தத் துகள்கள்தான் உலோகம் வளையாமல் பிடித்துக்கொள்கின்றன. அந்த நிலையில்தான் குழாய் கடைக்கு வருகிறது. அதன்மேல் பற்றவைக்கும் சூடு பட்டால் பொடித் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்து, இடைவெளி விட்டுப் போய்விடும். பிடி போய்விடும். பார்ப்பதற்கு எந்த மாற்றமும் இருக்காது, நிறம்கூட மாறாது.

இதைச் சரிசெய்ய முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. ஆய்வகத்தில் ஒரு சின்ன மின் உலை உண்டு. அந்த மெத்துப் பகுதியில் ஒரு துண்டை அறுத்து, ஐந்நூற்று முப்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, இடுக்கியால் எடுத்துப் பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் போட்டேன். ஆவலோடு எந்திரத்தில் வைத்தால் நாற்பத்தேழு. முன்பைவிட மோசம். அதே சூட்டில் வைத்த மெல்லிய பட்டை ஒன்றைக் கையாலேயே மடித்துப் பார்த்தேன், ஈயப் பட்டை போல மடிந்தது. அன்று வெள்ளிக்கிழமை. துண்டை மேசைமேல் போட்டுவிட்டு, மனம் விட்டுப்போய் இண்டூர் பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை, தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு முறை பார்ப்போமே என்று அந்தத் துண்டை எந்திரத்தில் வைத்தேன். அறுபத்து மூன்று.

எந்திரம் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து, எண் முன்பே தெரிந்த தரக் கட்டையை வைத்துச் சோதித்தேன். எந்திரம் சரியாகத்தான் இருந்தது. மறுபடி துண்டை வைத்தேன். அறுபத்து நான்கு. யாரும் தொடாமல், பூட்டிய அறையில், மேசைமேல் கிடந்த துண்டு சனி ஞாயிறில் தானாகக் கடினமாகியிருந்தது. அறை வெப்பத்திலேயே அது மெதுவாக நடக்கும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. பதினோரு வருடம் அந்த வரியை வாசித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். அதே துண்டை நூற்று எழுபத்தைந்து டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்து எடுத்தேன். தொண்ணூற்று இரண்டு.

நாத்தனாருக்கு ஃபோன் செய்து மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிங்க அண்ணி, என் கம்பம் எப்ப நிக்கும்?” என்றாள்.

அதுதான் சிக்கல். ஆய்வக உலைக்குள் ஒரு டிபன் கேரியர்தான் போகும். ஓசூரில் அலுமினியத்தைச் சூடேற்றித் தண்ணீரில் இறக்கிக் கொடுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே விசாரித்தேன். அங்கிருந்த மேற்பார்வையாளர் நாற்காலியின் படத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். இப்படிக் கோணங்கள் வைத்துப் பற்றவைத்த சட்டத்தை அந்தச் சூட்டிலிருந்து தண்ணீரில் இறக்கினால் முறுக்கிக்கொள்ளும், பிறகு அதில் யாரும் நேராக உட்கார முடியாது என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்கு மேசைமேல் தானாகக் கடினமான அந்தத் துண்டின் ஞாபகம் வந்தது. குழாய்களை மட்டும் முதலில் அந்தப் பெரிய சூட்டில் வைத்துத் தண்ணீரில் இறக்கி, பாதி வெந்த நிலையில் வாங்கிக்கொண்டு, அப்போது பற்ற வைத்துவிட்டு, கடைசியில் மொத்தச் சட்டத்தையும் மிதமான சூட்டில் வைத்தால்? துகள்கள் இன்னும் திரளாத நிலையில் பற்ற வைத்தால் கெடுவதற்கு அதிகம் இருக்காது. கடைசிச் சூட்டில்தானே திரளப் போகின்றன. கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, முழுசாகத் திரும்பி வராது, ஆனால் பெருமளவு வரும், அப்படிச் செய்கிறவர்கள் உண்டு என்றார்.

ஆய்வகத் துண்டுகளில் அதையும் செய்து பார்த்தேன். வெல்டர் என் அவசரத்தைப் பார்த்து மற்ற வேலையை ஒதுக்கிவைத்துப் பற்ற வைத்துக் கொடுத்தார். தழும்புக்குப் பக்கத்தில் எழுபத்தொன்பது வந்தது. ஐம்பத்தாறு இருந்த இடத்தில் எழுபத்தொன்பது. அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

புதுக் குழாய்களை ஓசூருக்குக் கொண்டுபோன நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. வேறு ஏதோ எந்திர பாகங்களோடு எங்கள் ஆறு குழாய்களையும் ஒரே கூடையில் அடுக்கினார்கள். இரும்பைப் போலச் சிவந்து வரும் என்று எதிர்பார்த்து நின்றேன். உலையின் அடிக்கதவு திறந்து கூடை இறங்கியபோது குழாய்கள் உள்ளே போன அதே வெள்ளி நிறத்தில்தான் இருந்தன. அலுமினியம் அந்தச் சூட்டில் நிறம் காட்டாது, அதனால்தான் இங்கே எல்லாரும் தள்ளி நிற்கிறோம் என்றார் மேற்பார்வையாளர். அடுத்த நொடி கூடை தண்ணீரில் இறங்கியது. தொட்டி முழுவதும் ஒரு கர்ஜனை கர்ஜித்து அடங்கியது. எனக்குக் கைதட்டத் தோன்றியது, பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

பிறகு வெல்டர் வேலையைத் தொடங்கினார். ஒரே இடத்தில் நின்று சூடு காட்டாமல், கொஞ்சம் பற்றவைத்து, ஆறவிட்டு, எதிர்ப் பக்கம் போய், மறுபடி இங்கே வந்து இரண்டு நாளில் முடித்தார். சூடு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று நான் சொன்ன ஒரு சொல்லை அவர் அப்படிப் பிடித்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது கடைசிச் சூடு. நாற்காலி நுழையும் அளவுக்கு ஒரு அடுப்பு, நூற்று எழுபத்தைந்து டிகிரி, எட்டு மணி நேரம். நாத்தனார்தான் சொன்னாள், இ-சேவை மையத்துக்கு எதிரில் பேக்கரி இருக்கிறதே என்று. தட்டுகள் அடுக்கிய வண்டியையே உள்ளே தள்ளிச் சுற்றவிடும் பெரிய அடுப்பு அங்கே உண்டு. பேக்கரி நடத்துவது ஒரு அம்மா. நாங்கள் கேட்டதும் அவர் நாற்காலியைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

“பன்னுக்கே இருவது நிமிஷம்தாங்க. இதுக்கு எட்டு மணி நேரமா? வெந்து என்னங்க ஆவும்?”

“கடினமாவுங்க” என்றாள் நாத்தனார்.

அவர் அடுப்புக்குள் எண்ணெய் வாசம், பெயிண்ட் வாசம் ஏறிவிடும் என்றுதான் பயந்தார். பெயிண்ட் இல்லை, சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவருகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆய்வகத்திலிருந்து வெப்பம் அளக்கும் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அது நல்லதாகப் போயிற்று. அடுப்பின் முள் நூற்று எழுபத்தைந்து என்றது, என் கருவி நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியது. அந்தச் சூட்டில் எட்டு மணி நேரம் விட்டிருந்தால் திரண்ட துகள்கள் மறுபடி பருத்து, ஏறிய கடினம் இறங்கியிருக்கும். முள்ளை ஒவ்வொரு கோடாகக் கீழே இறக்கி, கருவி நூற்று எழுபத்தைந்தில் நின்ற பிறகுதான் சட்டத்தை உள்ளே தள்ளினோம்.

எட்டு மணி நேரமும் அவள் அடுப்புக்கு எதிரிலேயே சக்கர நாற்காலியில் இருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் சட்டம் மெதுவாகச் சுற்றுவது தெரியும். நான் கால் மணிக்கு ஒரு முறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி வாக்கில், கதவைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்:

“அன்னிக்கு அது சாஞ்சதும், நான்தான் தப்பாப் புடிச்சு இழுத்துட்டேன்னு நெனச்சேன் அண்ணி. லேசா இருக்கட்டும்னு ஆசப்பட்டதும் நான்தான. வூட்ல யாருகிட்டயும் சொல்லல. மறுபடி இரும்புக்கே போயிரலாம்னு இருந்தேன்.”

நான் என் நோட்டைத் திருப்பி, புள்ளி வைத்து அளந்த பக்கத்தை அவளிடம் காட்டினேன். தொண்ணூற்றைந்தில் ஆரம்பித்து ஐம்பத்தாறுக்கு இறங்கும் வரிசை. அவள் அதை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் பார்த்தாள். இந்தக் குழாயை வளைக்க அவள் இழுத்த இழுப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். அது அவளுக்கே புதிதாக இருந்தது. சிரித்துவிட்டாள். பேக்கரி அம்மா மூன்று பேருக்கும் டீ போட்டு, முதல் நாள் வர்க்கியை எடுத்துவைத்தார்.

என் கணவரும் வெல்டரும் வந்து சேர, நான்கு மணிக்கு எடுத்தோம். ஆறிய பிறகு அவளைத் தவிர எல்லாரும் கம்பத்தைத் தட்டிப் பார்த்தார்கள். சட்டத்தை மைதானத்துக்குக் கொண்டுபோய்த் தரையில் கட்டி, என் கணவரும் வெல்டரும் கயிறு போட்டு இழுத்தார்கள். அப்போது கம்பம் கொஞ்சம் நெளிவதைக் கண்டு வெல்டர் முகம் வாடியது. இன்னும் அசைகிறதே என்றார். மெத்தென்ற குழாயும் கடினமான குழாயும் லேசாக இழுத்தால் ஒரே அளவுதான் நெளியும், சூடு அதை மாற்றாது என்று சொன்னேன். விட்டதும் திரும்பி வருகிறதா, எவ்வளவு இழுத்தால் வராமல் போகிறது, அதில்தான் எல்லா வித்தியாசமும். கயிற்றை விட்டார்கள். கம்பம் நேராக வந்து நின்றது. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக் குண்டை நூலில் கட்டிப் பார்த்தோம், நூல் அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. பிறகு அவள் ஏறி உட்கார்ந்து முழு பலத்தோடு ஒன்பது முறை எறிந்தாள். ஒவ்வொரு முறையும் நூலைப் பார்த்தோம்.

போட்டியன்று நடுவர் வந்து கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அடிப்பகுதியில் குனிந்து பார்த்தார். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். அவள் முதல் எறியிலேயே பயிற்சியில் எட்டாத தூரத்தை எட்டினாள். நான்காவதில் அதையும் ஒரு சாண் தாண்டினாள். தயக்கமே இல்லாமல், உடம்பு மொத்தத்தையும் அந்தக் கம்பத்தில் தொங்கவிட்டு இழுத்தாள். அப்படி இழுத்து நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டாம் இடம். என் கணவர், எப்போதும் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர், வேலிக்கு வெளியே ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தார்.

எல்லாம் முடிந்து வார்ப்பட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, வேறு மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் தன் சக்கர நாற்காலியை எங்கள் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள். அவளுடையதும் அலுமினியம். கம்பம் மூன்று முறை சாய்ந்துவிட்டது, மூன்று முறையும் வெல்டரை மாற்றியாகிவிட்டது என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் கேட்டுவிட்டாள்.

“பத்த வச்ச எடத்துல சாயுதுங்களா, இல்ல பக்கத்துலயா?”

அந்தப் பெண் குனிந்து, விரலை வைத்துக் காட்டினாள். நாத்தனார் என் பையிலிருந்து நோட்டை உருவினாள். இருவரும் இரண்டு சக்கர நாற்காலிகளையும் ஒட்டி நிறுத்திக்கொண்டார்கள். மக்னீசியம், சிலிக்கன், கரைவது, தண்ணீர், துகள் என்று அவள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். இடையில் ஒரே ஒரு இடத்தில்தான் தப்பாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை.